பதில் எழுதும் உரிமை

புனே லா காலேஜ் சாலையில் இருக்கும் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919இல் மகாபாரதத்தின் செம்பதிப்பு வேலையைத் தொடங்கியது, 1966இல் முடித்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த 1,000க்கும் மேற்பட்ட சுவடிகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, எது பழைய பாடம், எது பின்னால் வந்து சேர்ந்தது என்று பிரித்த பெரும் உழைப்பு அது. அதே நகரத்தில் இன்று வேறொரு வகைக் கற்பனை உலகங்கள் தயாராகின்றன. பிரெஞ்சு வீடியோ கேம் நிறுவனமான யூபிசாஃப்டின் ஸ்டூடியோ 2008 முதல் அங்கே இருக்கிறது. நாடிங் ஹெட்ஸ் என்ற நிறுவனத்தின் ‘ராஜி’ 2020இல் வந்தது. இணையத்தில் கூடி ஆடும் ‘இண்டஸ்’ என்ற கேமை சூப்பர்கேமிங் 2024இல் வெளியிட்டது. சுவடி அறிஞருக்கும் கேம் தயாரிப்பவருக்கும் முன்னால் நிற்பது ஒரே கேள்விதான். பலர் உள்ளே நுழைந்து, பேசி, சண்டையிட்டு, கதை சேர்த்து வளர்த்த ஓர் உலகம் யாருடையது? சட்டம் இதற்குச் சட்டென்று ஒரு பதில் வைத்திருக்கிறது: சர்வர் யாருடையதோ உலகமும் அவருடையது. அந்தப் பதில் போதாது என்பதும், இதைவிட ஆழமான பதிலை நம் பக்தி மரபும் வேதாந்தமும் என்றோ யோசித்து வைத்திருக்கின்றன என்பதும் என் வாதம்.

இணைய ரோல்பிளே உலகத்துக்குள் போயிராத வாசகருக்கு அதை அருகில் வைத்துக் காட்ட வேண்டும். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய ‘மட்’ முழுக்க எழுத்தாலேயே ஆன உலகம். இன்றைக்குப் பெரிய கூட்டம் இருப்பது ‘ஜிடிஏ ஃபைவ்’ என்ற கேமின் மேல், ‘ஃபைவ்எம்’ என்ற துணைமென்பொருளைக் கொண்டு ஆட்டக்காரர்களே நடத்தும் சர்வர்களில். இந்தியர்கள் நடத்தும் சர்வர்களும் உண்டு. இங்கே ஒருவர் டாக்சி ஓட்டுகிறார், ஒருவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார், ஒருவர் போலீஸ். போலீஸ்காரர் ஒரு வண்டியை நிறுத்துகிறார் என்று வையுங்கள். ஓட்டுநரின் சட்டைப் பையைச் சோதிக்க வேண்டும். கேமில் அதற்குப் பொத்தான் இல்லை. அவர் ‘ஸ்லாஷ் மீ’ என்று தட்டி, பையில் கைவிட்டுப் பார்க்க முயல்கிறேன் என்று எழுதுகிறார். அடுத்து ‘ஸ்லாஷ் டூ’ என்று தட்டி, உள்ளே ஏதாவது தட்டுப்படுகிறதா என்று கேட்கிறார். இதற்குப் பதில் எழுத வேண்டியவர் ஓட்டுநராக ஆடுபவர். கத்தி இருந்தால் இருக்கிறது என்று அவர் வாயால்தான் வர வேண்டும். அங்கே பொய் எழுதக் கூடாது. போலீஸ்காரரே முந்திக்கொண்டு, கத்தியை எடுத்துவிட்டேன், நீ மண்டியிட்டு அழுகிறாய் என்று எழுதினால் அதற்குப் பெயர் பவர்கேமிங். அட்மின் எச்சரிப்பார், மறுபடியும் செய்தால் சர்வரிலிருந்தே வெளியேற்றுவார்.

இதை வெறும் விளையாட்டு நாகரிகம் என்று கடந்துபோவது தவறு. அந்த உலகத்தின் அரசியல் சாசனமே இதுதான். வயலுக்கு வரப்பு முதலில் இருக்கும், உழவு பிறகு வரும். இங்கே எல்லை ஒவ்வொரு வாக்கியத்தோடும் புதிதாக உண்டாகிறது. என் சுதந்திரம் நான் முயல்வது வரை; நீ என்ன ஆனாய் என்பது உன் நிலம். இந்த எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பது 1993இலேயே தெரிந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பேவல் கர்ட்டிஸ் நடத்திய ‘லாம்டாமூ’ என்ற எழுத்து உலகில் ஒருவர், மற்றவர்களின் பாத்திரங்கள் தாமே இழிசெயல்களைச் செய்வதுபோலத் திரையில் வாக்கியங்கள் தோன்றும்படி ஒரு கருவியைப் பயன்படுத்தினார். யாருடைய உடலையும் யாரும் தொடவில்லை. ஆனாலும் பாதிக்கப்பட்ட பெண்கள் அதை வன்முறை என்றே உணர்ந்தார்கள். ஜூலியன் டிபெல் எழுதிய கட்டுரையால் உலகமே அதைப் பேசியது. அந்த மீறலின் சாரம் கெட்ட வார்த்தையில் இல்லை. இன்னொருவர் வாயில் அவர் சம்மதிக்காத பதிலைத் திணித்ததில் இருக்கிறது.

நம் மரபில் வேடமேற்று இன்னோர் உலகுக்குள் நுழைவது பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. அது வழிபாட்டின் உயர்ந்த நிலைகளில் ஒன்று. பெரியாழ்வார் யசோதையாகிறார். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகத் தவிக்கிறார். வேறு பதிகங்களில் அந்தப் பெண்ணின் தாயாகவும் தோழியாகவும் பேசுகிறார். ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரை ஆய்ப்பாடியாக்கித் தன்னை இடைப்பெண்ணாக்கிக்கொண்டு, தோழியரை எழுப்பி நந்தகோபன் வாசலுக்கு அழைத்துப் போகிறாள். வைணவ உரையாசிரியர்கள் இதை அநுகாரம் என்று சொல்லி மதித்தார்கள். புனேயை ஒட்டிய ஆளந்தியும் தேஹுவும் வளர்த்த வார்கரி மரபிலும் கோபியர் குரலில் பாடும் கவளண் பாடல்கள் உண்டு. அம்மரபின் ஏக்நாதர் பாரூட் என்னும் தம் வேடப் பாடல்களில் ஜோசியராகவும் கோந்தளியாகவும் வேடம் கட்டுகிறார். பாகவதம் சொன்ன கதைக்குள் பிற்காலத்து ஆட்கள் புதிய பாத்திரங்களாக நுழைந்து, அங்கே இல்லாத காட்சிகளைச் சேர்க்கும் வேலை இது. கேம் ஆடுபவர் செய்வதும் இதன் தொலைதூர உறவுதான்.

இந்தக் கவிகள் தமக்கு எடுத்துக்கொண்ட சுதந்திரம் மிகப் பெரியது. ஆனால் அவர்கள் எங்கே நின்றார்கள் என்று பார்க்க வேண்டும். திருப்பாவையின் 30 பாட்டிலும் கண்ணன் நேராக ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெண்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்கிறார்கள்; அவனிடம் கேட்கிறார்கள்; அவன் என்ன சொல்லியிருப்பான் என்று ஊகித்து நிரப்புபவர்கள் பின்னால் வந்த உரையாசிரியர்கள். நாச்சியார் திருமொழியில் அவன் வந்து கைப்பற்றும் இடம் வருகிறது. ஆண்டாள் அதைத் தோழியிடம் சொல்லும் கனவாக வைக்கிறாள். நம்மாழ்வார் பறவைகளைத் தூது விடுகிறார். கொண்டுவரும் பதிலைத் தாமே புனைந்துகொள்வதில்லை. இந்த வாதத்துக்குக் கடினமான சோதனை திருவாய்மொழியின் ஐந்தாம் பத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பெண், உலகைப் படைத்தவள் நான், அளந்தவள் நான் என்று இறைவனாகவே பேசத் தொடங்கிவிடுகிறாள். ஆனால் அந்தப் பேச்சு நேராக நம்மிடம் வருவதில்லை. தாய் சொல்லி வருகிறது. மாயவன் இவளுக்குள் புகுந்ததால்தானோ இப்படிப் பேசுகிறாள் என்று தாய் ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறாள். இறைவனின் குரலைத் தன் குரலாக்கும் உச்சத்தில்கூட, அது அவன் சம்மதித்துத் தந்த குரலா என்ற கேள்வியை ஆழ்வார் திறந்தே வைத்திருக்கிறார்.

இதற்கு பக்தர்கள் பக்கமிருந்தே ஓர் ஆட்சேபம் வரும். 2009இல் இந்தியாவில் தயாரான ஹனுமான் கேமை சோனி வெளியிட்டபோது, அமெரிக்காவில் வாழும் ராஜன் ஜெட் அதைத் திரும்பப் பெறச் சொன்னார். பக்தன் தன் விதியைத் தெய்வத்தின் கையில் ஒப்படைக்கிறான். கேமிலோ தெய்வத்தின் அசைவு ஆட்டக்காரனின் கையில் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் மையம். இதை வெறும் தடைக் கூச்சல் என்று ஒதுக்க மாட்டேன். தெய்வத்தின் பதிலை மனிதன் எழுதிவிடுகிறான் என்ற அச்சம் அதற்குள் இருக்கிறது. அது நியாயமான அச்சம். ஆனால் அதிலிருந்து தடை பிறக்க வேண்டியதில்லை. தெருக்கூத்தில் திரௌபதியும் கண்ணனும் மனித உடலில்தான் வருகிறார்கள். ராம்லீலாவில் சிறுவர்கள் ராமனாக அமர்ந்து ஆரத்தி ஏற்கிறார்கள். வேடம் அங்கே எப்படி ஏற்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புனேயின் ‘ராஜி’ இந்த இடத்தில் நல்ல தீர்வு ஒன்றைக் கண்டது. ஆட்டக்காரர் நகர்த்துவது ராஜி என்ற சிறுமியை. துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்பவர்களாகவும் துணையாகவும் மேலே இருக்கிறார்கள். அவர்களை ஆட்டக்காரரின் கை அசைப்பதில்லை.

இதுவரை சொன்னது ஆட்டக்காரருக்கான எல்லை. அதே எல்லை படைத்தவருக்கும் உண்டா என்பதே பெரிய கேள்வி. படைப்பை இறைவனின் விளையாட்டு என்று பிரம்ம சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தின் முதல் பாதத்தில் சொல்கிறது. ராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கு, உலகையே ஆளும் பேரரசன் ஒரு தேவையும் இல்லாமல் வெறும் மகிழ்ச்சிக்காகப் பந்தாடுவதை உதாரணம் காட்டுகிறார். அத்தோடு விட்டிருந்தால், விளையாடுபவன் கையில் நாம் வெறும் பந்துகள். ஆனால் அடுத்த சூத்திரமே அந்த ஆபத்தை எடுத்துக்கொள்கிறது. விளையாட்டு என்றால், ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்தும் இந்த உலகம் பாரபட்சமும் கொடுமையும் அல்லவா? இல்லை, ஏனென்றால் அவன் உயிர்களின் வினையைக் கருதியே படைக்கிறான் என்பது விடை. அதாவது படைத்தவனின் ஆட்டமும் உள்ளே இருப்பவர்கள் செய்ததைக் கணக்கில் கொண்டே நடக்கிறது. இந்த விடை எல்லோரையும் திருப்திப்படுத்தாது. ஒடுக்கப்பட்டவரிடம் வினையைக் காட்டி வாயடைக்க அது பயன்பட்ட வரலாறு நம்மிடம் இருக்கிறது. அந்தப் பயன்பாட்டை நான் ஏற்கவில்லை. நான் எடுத்துக்கொள்வது அதன் வடிவத்தை மட்டும்: சர்வ சுதந்திரனான படைப்பாளிகூட, உள்ளே உயிர்கள் இருக்கும்போது, பதில் சொல்லக் கடமைப்பட்டவனாகிறான்.

அதே அத்தியாயத்தின் மூன்றாம் பாதத்தில் ராமானுசர் இன்னும் நெருங்கி வருகிறார். உயிரின் செயல் முழுவதும் இறைவனைச் சார்ந்தது என்றால், விதிக்கும் விலக்குக்கும் பொருள் என்ன? அவர் தரும் விளக்கம்: முதல் முயற்சி உயிருடையது, உள்ளே உறையும் அந்தர்யாமியான இறைவன் அதற்கு அனுமதி தந்து செயலை நடத்துகிறான். இதற்கு அவர் காட்டும் உதாரணம் சொத்து வழக்கிலிருந்து வருகிறது. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவர் மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க விரும்பினால் பங்காளியின் சம்மதம் வேண்டும். ஆனால் அந்தச் சம்மதத்தை முயன்று பெற்றவர் அவர் என்பதால் கொடுத்ததன் பலன் அவரையே சேரும். உயிரையே இறைவனின் உடைமை என்று சொல்லும் ஆசாரியர், உயிரின் செயலை விளக்கும்போது பங்குச் சொத்தை உதாரணமாகத் தேர்ந்தெடுத்தது என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. பிற்காலத் தென்கலையார் உயிரின் முயற்சி என்று ஒன்று வேண்டாம், எல்லாம் அவன் அருள் என்பார்களே என்று கேட்கலாம். அவர்களும் ஒன்றை உயிரிடம் விட்டார்கள்: விலக்காமை. வரும் அருளைத் தள்ளிவிடாமல் இருப்பது. அதுவும் உயிர் தரும் ஒரு பதில்தான். அதை இறைவன் அதன் சார்பில் எழுதிவிடுவதில்லை. கேம் நிறுவனம் கடவுள் இல்லை. எல்லாவற்றையும் உடையவனே உயிரின் முதல் அசைவுக்கு இடம் விட்டான் என்று இம்மரபு கருதியிருக்கும்போது, சர்வரை மட்டும் உடையவர் அதைவிடக் குறைவாக இடம் விடுவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

நடைமுறையோ நேர் எதிராக இருக்கிறது. நிறுவனங்கள் ஆட்டக்காரரின் பதிலை அவர் உள்ளே வருவதற்கு முன்பே எழுதிவைத்துவிடுகின்றன. பக்கம் பக்கமாக ஓடும் ஒப்பந்தம், கடைசியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற ஒரு பொத்தான். 2003இல் ‘செகண்ட் லைஃப்’ உலகை நடத்திய லிண்டன் லேப், ஆட்டக்காரர்கள் படைத்தவற்றின் அறிவுசார் உரிமை அவர்களுக்கே என்று அறிவித்தபோது அது பெரிய மாற்றமாகத் தெரிந்தது. 2006இல் பென்சில்வேனியா வழக்கறிஞர் மார்க் பிராக் அந்த உலகில் ஒரு நிலத்தை ஏலத்தின் ஓட்டை வழியாகக் குறைந்த விலைக்கு எடுத்தார் என்று சொல்லி நிறுவனம் அவர் கணக்கையே முடக்கியது. அவர் வழக்குப் போட்டார். 2007இல் நீதிபதி, பேரம் பேச வழியே இல்லாத அந்த ஒப்பந்தத்தின் மத்தியஸ்த விதி மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று சொல்லி அதைச் செயல்படுத்த மறுத்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்த நிலம் யாருடையது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ‘ஃபைவ்எம்’ கதை இன்னும் தெளிவானது. 2015இல் அதை எழுதியவர்களின் கணக்குகளை, ஜிடிஏயைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனம் முடக்கியது. தடையை மீறி அந்த ரோல்பிளே நகரங்கள் வளர்ந்தன. ஜிடிஏயின் ஆயுள் நீண்டதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022 நவம்பரில் நிறுவனம் எந்த வகை ரோல்பிளே சர்வர்களைப் பொறுத்துக்கொள்ளும் என்று கொள்கை வெளியிட்டது; 2023 ஆகஸ்டில் அந்தக் குழுவையே தன்னோடு சேர்த்துக்கொண்டது. தடுப்பதிலிருந்து பொறுப்பதற்கும், பொறுப்பதிலிருந்து அணைப்பதற்கும் நகர்ந்த இந்த எட்டு வருஷத்தில் ஒரு கட்டத்திலும் அந்த நகரங்களில் ஆடியவர்களுக்கு உரிமை என்று ஒன்று சொல்லப்படவில்லை.

உழைத்தவனுக்கே நிலம் என்ற ஜான் லாக்கின் வழியில் ஆட்டக்காரருக்காக வாதாடலாம். ஆனால் அந்த வாதம் தூரம் போகாது. நிறுவனத்தின் பொறியாளர்களும் ஓவியர்களும்தான் முதலில் உழைத்தவர்கள். உழைப்பைத் தராசில் வைத்தால் அவர்கள் தட்டு தாழும். எனக்குப் பொருத்தமாகப் படுவது புனே மாவட்டத்து முள்ஷியின் அனுபவம். டாடா நிறுவனம் பம்பாய்க்கு மின்சாரம் எடுக்க முள்ஷியில் அணை கட்டியபோது, மூழ்கவிருந்த பள்ளத்தாக்கின் மாவளர்கள் 1921இல் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். சேனாபதி பாபட் தலைமை தாங்கினார், 1924 வாக்கில் போராட்டம் ஓய்ந்தது, அணை எழுந்தது. அங்கே நிலத்தின் பத்திரம் பெரும்பாலும் புனேயில் வாழ்ந்த வட்டிக்கடைக்காரர்கள், நிலவுடைமையாளர்கள் கையில் இருந்தது. அவர்கள் நஷ்ட ஈட்டுக்கு இணங்கினார்கள். உழுது வாழ்ந்தவர்களின் ‘மாட்டோம்’ என்ற பதில் கணக்கில் வரவில்லை. அவர்களுக்காக வேறு யாரோ ‘சரி’ என்றுவிட்டார்கள். கிராமம் மூழ்குவதையும் கேம் சர்வர் அணைவதையும் ஒரே தட்டில் வைப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம், நான் வைக்கவில்லை. இழப்பின் அளவு வேறு. ஆனால் தவறின் உருவம் ஒன்று: பத்திரம் உள்ளவரின் சம்மதத்தை அங்கே குடியிருப்பவரின் சம்மதமாகக் கொள்வது.

இங்கே படைப்பாளியின் பக்கமிருந்து வரும் ஆட்சேபத்துக்கு முழு மதிப்புத் தர வேண்டும். உலகை உருவாக்கியவரும் கலைஞர்தானே? வருகிற போகிறவர்கள் எல்லாம் தமக்குத் தோன்றியதைச் சேர்க்கலாம், சேர்த்ததெல்லாம் நிலைக்க வேண்டும் என்றால், அந்த உலகத்துக்கு முகமே இருக்காது. பண்டார்கர் நிறுவனம் இதே சிக்கலைச் சந்தித்தது. 1925இல் பொறுப்பேற்ற வி. எஸ். சுக்தங்கர் வகுத்த முறையில் அச்சான பக்கத்தைத் திறந்தால் நடுவே ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு மேலே, ஆசிரியர்கள் ஆகப் பழையதாகக் கண்ட பாடம். கோட்டுக்குக் கீழே, மேலே இடம்பெறாத வரிகளும் பாடபேதங்களும், எந்தச் சுவடியில் இருக்கின்றன என்ற குறியோடு. நீளமான சேர்க்கைகள் பின்னிணைப்புக்குப் போகும். வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் எழுதிய கதை ஆதிபருவத்தின் பின்னிணைப்புக்குப் போனது. சபாபருவத்தைப் பதிப்பித்த அமெரிக்க அறிஞர் ஃபிராங்க்ளின் எட்ஜர்ட்டன், துகிலுரிதலின்போது திரௌபதி கண்ணனை அழைக்கும் வேண்டுதலை மூலப் பாடத்திலிருந்து எடுத்தார். கோடிக்கணக்கானவர்கள் கண்ணீரோடு கேட்ட இடம் அது. பலர் புண்பட்டார்கள். இப்படியொரு பாடத்தை எந்த ஊரிலும் யாரும் ஓதியதே இல்லையே என்ற விமர்சனமும் வந்தது; அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அந்தப் பதிப்பின் ஒழுக்கத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். எது தம் தீர்ப்பு என்று ஆசிரியர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள்; அதே பக்கத்தில், தீர்ப்புக்கு மாறான குரலையும் அழிக்காமல் அச்சிட்டார்கள். ஓர் உலகத்துக்கு முகம் வேண்டும் என்ற படைப்பாளியின் தேவையும், சேர்த்தவர்களின் சொல் அழியக் கூடாது என்ற நியாயமும் ஒரே தாளில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கோட்டுக்கு மேலே இடம் கிடைக்காதது உயிரற்றுப் போய்விடும் என்றும் இல்லை. மூலப் பாடத்தில் அருச்சுனன் மகன் இராவான் போர்க்களத்தில் அரக்கனோடு பொருது மடிகிறான். போருக்கு முன் தன்னையே களப்பலியாகத் தரும் அரவான் தமிழர் சேர்த்தவன். பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவன் இருக்கிறான். இன்றும் கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கைகள் மோகினியின் இடத்தில் நின்று அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து ஒப்பாரி வைக்கிறார்கள். வியாசரின் உலகுக்குள் புகுந்து தமக்கென ஓர் இடம் பிடித்த ரோல்பிளே இது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை, மரியாதையோடுதான் சொல்கிறேன். இந்தப் பெண்களுக்கு வேறு எந்தக் கதையும் தராத மணமும் துக்கமும் இங்கே கிடைத்தன. மகாபாரதம் ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருந்திருந்தால், அதிகாரப்பூர்வப் பாடத்துக்கு ஒவ்வாதது என்று ஒரே நாளில் கூவாகத்தை நீக்கியிருக்க முடியும். சொந்தக்காரர் இல்லாததால் அது பிழைத்தது. சொந்தக்காரர் இருக்கும் உலகங்களில் அந்தப் பிழைப்புக்கு வழிசெய்வது சொந்தக்காரரின் கடமையாகிறது.

பிடிக்காவிட்டால் வேறு கேமுக்குப் போகலாமே என்பார்கள். தனியாக ஆடும் கேமுக்கு இது சரியான பதில். கூடி ஆடும் உலகில் ஒருவர் விட்டுப் போவது படங்களையும் பொருள்களையும் மட்டுமல்ல. ஐந்து வருஷமாக ஒரு பாத்திரம் மற்றவர்களிடமிருந்து பெற்ற பதில்களை. அவற்றை எடுத்துக்கொண்டு போக முடியாது, ஏனென்றால் பாதி அவருடையதே இல்லை. ராமானுசரின் பங்குச் சொத்து உதாரணம் ஆட்டக்காரர்களுக்கு நடுவிலும் பொருந்துவது இங்கேதான். அந்த உலகம் மூடப்படும்போது யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத, எல்லோரும் சேர்ந்து எழுதிய ஒன்று அழிகிறது. ஆகவே தனியாள் ஒவ்வொருவருக்கும் பணத்தைத் திருப்பித் தருவது அந்த இழப்பை ஈடுசெய்யாது.

சர்வரைக் காலம் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்க யாராலும் முடியாது என்பது இன்னோர் ஆட்சேபம். புனேயின் சிறிய ஸ்டூடியோக்களைப் பொறுத்தவரை இது உண்மையான கவலை. ஆனால் கேட்கப்படுவது அதுவல்ல. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று ‘த க்ரூ’ என்ற கார் ஓட்டும் கேமின் சர்வர்களை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அது தனியாகக்கூட ஓடாமல் போனது. ராஸ் ஸ்காட் தொடங்கிய இயக்கம் அதிலிருந்து எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அவர்கள் கேட்பது, கைவிடும்போது ஆடத்தக்க நிலையில் விட்டுப் போங்கள் என்பதுதான். சோழர் கால நிலக்கொடைகளில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ஊர் கோயிலுக்குப் போகும்போது, உழுகுடிகளை அகற்றித் தருவது ஒரு வகை. அவர்கள் இருந்தபடியே இருக்கத் தருவது இன்னொரு வகை, குடிநீங்காத் தேவதானம். மேல் உரிமை கைமாறும். கீழே வாழ்பவர் பெயர மாட்டார். இந்த இரண்டாம் வகை கேம் உலகத்திலும் நடந்திருக்கிறது. ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்ற ரோல்பிளே உலகை என்சிசாஃப்ட் நிறுவனம் 2012 நவம்பர் 30 அன்று மூடியது. ரசிகர்கள் ரகசியமாக அதை ஓட்டிக்கொண்டிருந்தது 2019இல் வெளியே தெரிந்தது. நிறுவனம் வழக்குக்குப் போயிருக்கலாம். 2024 ஜனவரியில் ‘ஹோம்கமிங்’ என்ற ரசிகர் குழுவுக்கு முறையான உரிமம் தந்தது.

ஆகவே புனேயில் அடுத்து ஒரு கூட்டு உலகைக் கட்டப்போகும் ஸ்டூடியோ, தன் ஒப்பந்தத்தில் மூன்று ஷரத்துகளை முதல் நாளே சேர்க்கலாம். எது அதிகாரப்பூர்வக் கதை, எது ஆட்டக்காரர் சேர்த்தது என்று பிரித்துக் காட்டும் உரிமை தனக்கு உண்டு; ஆனால் பிறருக்குத் தீங்கு செய்யாத சேர்க்கையை அழிக்கும் உரிமை இல்லை. உலகின் விதிகளை மாற்றுமுன் உள்ளே இருப்பவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலையும் சேர்த்தே முடிவை வெளியிட வேண்டும். மூடுவதானால் போதிய அவகாசம் தந்து, லாபநோக்கமின்றி நடத்த முன்வரும் ஆட்டக்காரர்களுக்குச் சர்வர் மென்பொருளைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மூன்றாவதற்குச் செலவு ஆகும். பிறரிடம் உரிமம் வாங்கிய மென்பொருள்கள் நடுவே இருந்தால் சிக்கலும் வரும். அதனால்தான் இதை மூடும்போது யோசிக்காமல், முதல் வரி நிரலை எழுதும்போதே திட்டமிட வேண்டும் என்கிறேன்.